பாப்பாவுக்கு, அல்சூரிலிருந்து

பெங்களூரு,
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். போன் போட்டால் ‘ம்’, ‘அப்புறம் பேசறேன்ப்பா’ என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். ராத்திரி கண் விழிக்காதே.

நீ அனுப்பின அத்தியாயத்தை மூன்று தடவை படித்தேன். தங்கவயல் சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில் பிறந்தவனின் மகள் டெல்லியில் உட்கார்ந்து அயோத்திதாசப் பண்டிதரைப் பற்றி எழுதுகிறாள். கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் அயோத்திதாசரின் பௌத்தம் அந்தக் காலச் சமூகத்தின் கண்ணாடி என்று எழுதியிருக்கிறாயே, கண்ணாடி சும்மா சுவரில் தொங்கும். அவர் தொங்கினவரா? நீலகிரியில் இருந்தபோது அத்வைதம் பேசினவர். எல்லாம் ஒன்றென்றால் நாமும் அதில் அடக்கம்தானே என்று நம்பியிருப்பார். 1892-இல் சென்னை மகாஜன சபையில் எழுந்து, எங்களையும் கோயிலுக்குள் விடுங்கள் என்று கேட்டார். சிவனும் விஷ்ணுவும் உங்கள் சாமி இல்லை, உங்களுக்குத்தான் காத்தவராயனும் மதுரைவீரனும் இருக்கிறார்களே என்று பதில் வந்தது. பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயரே காத்தவராயன்! அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம், பள்ளிக்கூடமும் நிலமும் கொடுங்கள் என்றார். ஆறு வருஷம் கழித்து இலங்கைக்குப் போய் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானார். இதைப் போய் அடிக்குறிப்பில் தள்ளியிருக்கிறாய். எனக்குக் கோபமே வந்தது.

அவர் சித்த வைத்தியர் என்பதையும் ஒரே வரியில் முடித்துவிட்டாய். அசுரனைக் கொன்ற கதையை ஒதுக்கிவிட்டு, எள்ளெண்ணெயின் குணம் கண்டு தலைமுழுகின நாள்தான் தீபாவளி என்றவர். நாடி பிடித்த கைக்குத்தான் அப்படித் தோன்றும். 1907-இலிருந்து புதன்தோறும் வந்த அவர் பத்திரிகை ‘ஒரு பைசாத் தமிழ’னை, என் தாத்தா மைன்ஸிலிருந்து ஏறி வந்து, எழுத்துத் தெரிந்தவர் வாசிக்கக் கேட்பாராம். தாத்தாவையாவது எழுதியிருக்கலாம். சரி, உன் இஷ்டம். படிக்க நல்ல விளக்காக ஒன்று வாங்கு.

நான் எழுத உட்கார்ந்தது இதற்கில்லை.

தையில் அந்தப் பையன் வீட்டார் வந்தார்களே, அன்று காலையில் கூடத்துப் பண்டிதர் படத்தை நான்தான் கழற்றினேன். அதே ஆணியில் முருகன் காலண்டரை மாட்டினேன். காலண்டர் சின்னது. சுற்றிலும் சுண்ணாம்பு வெள்ளையாக, படத்தின் அளவுக்குத் தெரிந்தது. நீ காபித் தட்டோடு நின்று அதையே பார்த்தாய்.

சொந்த ஊர் எது என்று வந்தவர்களில் ஒருவர் கேட்டார். வேலூர் பக்கம் என்றேன். பொய்யில்லை, தாத்தா அங்கிருந்துதான் வந்தார். ஆனால் தங்கவயலை விழுங்கிவிட்டேன். 26 வருஷம் உள்ளே இறங்கினவன், 2001-இல் மூடின அன்று கேட்டில் நின்று அழுதவன். உங்கள் சாமியே வேண்டாம் என்று எழுந்து நின்ற மனுஷனை, ஒரு தட்டு கேசரி நடுவில் மானம் போய்விடுமோ என்று பீரோவுக்குப் பின்னால் தள்ளினேன்.

படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அம்மா பெருக்கும்போது எடுத்துத் துடைத்து, மறுபடி அங்கேயே சாய்த்து வைக்கிறாள். ஒன்றும் சொல்வதில்லை.

நீ பையன் வீட்டாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டாயா? இல்லையென்றால் நானே பேசுகிறேன், நம்பர் அனுப்பு. நல்லெண்ணெய் கூரியரில் போட்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை தலைக்கு வை. கண் விழிக்காதே.

அப்பா