ஏ> தெரிந்தது: பழைய எக்ஸ்டி கணினியை எழுப்பித் தந்தவர்களுக்கு நன்றி

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

1983இல் வந்த ஐபிஎம் எக்ஸ்டி, 5160 என்ற எண் கொண்ட கணினி, தன் காலத்து பிசி டாஸ் 2.10 என்ற இயங்குதளத்தில் மறுபடியும் பூட் ஆகிறது. முதலில் ஃப்ளாப்பியில் இருந்து எழுந்து, கட்டளைக்குக் காத்திருக்கும் ஏ> குறியைக் காட்டியது. இப்போது தன் 10 எம்பி ஹார்ட் டிஸ்க்கில் இருந்தே எழுகிறது. கைகொடுத்த எல்லோருக்குமாக இந்த மடல். யார் சொன்னது எந்த இடத்தில் உதவியது என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். இதே பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு திகைத்து நிற்பவர்களுக்கும் அது பயன்படும்.

முதல் நன்றி, "சுவிட்சைப் போடாதீங்க, முதல்ல மீட்டரை எடுங்க" என்று தடுத்தவருக்கு. மின்விசிறி ஒரு துடிப்பு துடித்து நின்றுவிட்டால் பவர் சப்ளை செத்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். பெரும்பாலும் அது சாவதில்லை. எங்கோ ஷார்ட் இருப்பதால் தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. மதர்போர்டுக்குப் போகும் பி8, பி9 என்ற இரண்டு பவர் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, போர்டு பக்கத்தில் தரைக்கும் ஒவ்வொரு மின்னழுத்த முனைக்கும் இடையே ஓம் அளக்க வேண்டும். பி8இல் 3ஆவது முனை +12, 4ஆவது -12, 5ஆவதும் 6ஆவதும் தரை. பி9இல் 1ஆவதும் 2ஆவதும் தரை, 3ஆவது -5, மற்ற மூன்றும் +5. +12இல் ஓரிரு ஓம் மட்டும் காட்டினால் ஒரு டான்டலம் கெபாசிட்டர் (மின்னழுத்தத்தைச் சீராக்கும் சிறு பாகம்) உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கிறது என்று பொருள். அதில் 10 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் என்று போட்டிருக்கும். 12 வோல்ட் பாதையில் 16 வோல்ட் பாகம் என்பது இத்தனை வருடம் தாங்கியதே பெரிது. பதிலுக்கு 25 வோல்ட் அல்லது அதற்கு மேல் போடுங்கள். இந்த போர்டில் அந்தக் கெபாசிட்டருக்கு மூன்று கால்கள். நடுக்கால் பிளஸ், ஓரத்துக் கால்கள் இரண்டும் தரை. இரண்டு கால் பாகம் போடும்போது பிளஸ் கால் நடுத்துளைக்குத்தான் போக வேண்டும். மாற்றிப் போட்டால் டான்டலம் தீப்பிடிக்கும். இதை மூன்று முறை திரும்பத் திரும்பச் சொன்னதற்காகவும் அவருக்கு நன்றி.

பி8, பி9 இரண்டையும் திரும்பச் செருகும்போது கறுப்பு ஒயர்கள் நான்கும் நடுவில் அடுத்தடுத்து வர வேண்டும். இந்தப் பவர் சப்ளை சுமை எதுவும் இல்லாமல் தனியாக ஓடாது. அதை வெறுமனே சோதித்துவிட்டுக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

அடுத்த நன்றி, திரையில் வந்த 201ஐப் படித்துக்காட்டியவருக்கு. 201 என்றால் நினைவகப் பிழை. அதற்கு முன்னால் வரும் முகவரி எந்த வரிசை என்றும், கடைசி இரண்டு இலக்கம் அந்த வரிசையில் எந்தச் சிப் என்றும் சொல்லிவிடும். 04 என்று வந்தால் இரும எண்ணில் 00000100, அதாவது பிட் 2க்கு உரிய 4164 நினைவகச் சிப். 00 என்று வந்தால் பிழையைக் கண்டுபிடிக்க உதவும் பாரிட்டி சிப். 256 கேபி போர்டில் வரிசைக்கு 9 வீதம் 36 சிப் இருக்கின்றன. அத்தனையையும் பிடுங்கிப் பார்க்காமல் ஒன்றே ஒன்றை மாற்றி முடிந்தது. முதல் வரிசையின் தொடக்கத்திலேயே கோளாறு என்றால் எண்ணும் வராது, ஒலியும் வராது. திரை கறுப்பாகவே இருக்கும்.

மதர்போர்டில் உள்ள சிறு சுவிட்சுகளைச் சரிபார்த்தவருக்கும் நன்றி. போர்டில் 256 கேபி இருந்தால் 3ஆவதும் 4ஆவதும் ஆஃப். மோனோகுரோம் திரை அட்டைக்கு 5ஆவதும் 6ஆவதும் ஆஃப். ஒரே ஃப்ளாப்பி டிரைவ் என்றால் 7ஆவதும் 8ஆவதும் ஆன். 301 பிழைக்கு விசைப்பலகை அனுப்பி உதவியவருக்கும் தனியாக ஒரு வணக்கம். எக்ஸ்டிக்கு அடுத்து வந்த ஏடி கணினியின் விசைப்பலகை பிளக் இதில் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் பேசும் முறை வேறு. எக்ஸ்டிக்கு உரியதோ, அடியில் எக்ஸ்டி–ஏடி என்று மாற்றும் சுவிட்ச் உள்ளதோதான் வேண்டும்.

இவ்வளவும் ஆனபின் திரையில் டாஸுக்குப் பதிலாக பேசிக் என்ற நிரல்மொழி வந்து நின்றது. அது நல்ல அறிகுறி என்று சொன்னவர் சொன்னதே சரி. பூட் செய்ய எதுவும் கிடைக்காதபோது எக்ஸ்டி தன் ரோமில் இருக்கும் பேசிக்குக்குப் போய்விடும். போர்டு, நினைவகம், திரை எல்லாம் நலம், வட்டு மட்டும்தான் பாக்கி என்று அதற்கு அர்த்தம்.

அந்த வட்டுதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் வேலை வாங்கியது. டாஸ் ஃப்ளாப்பியை எழுதித் தந்தவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. 360 கேபி வட்டின் இமேஜ் (முழு வட்டையும் ஒரே ஃபைலாக எடுத்த நகல்) சரியாக 368640 பைட் இருக்க வேண்டும்: 40 டிராக், 2 பக்கம், 9 செக்டர், செக்டருக்கு 512 பைட். ஒரு பைட் குறைந்தாலும் அது முழு வட்டு இல்லை. அதைப் பின்னால் வந்த 1.2 எம்பி டிரைவில் எழுதுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 360 கேபி டிரைவின் ஹெட் (படிக்கும், எழுதும் முனை) ஏறக்குறைய 0.33 மில்லிமீட்டர் அகலத்துக்கு எழுதும். 1.2 எம்பி டிரைவின் ஹெட் அதில் பாதிதான். ஏற்கெனவே எழுதிய வட்டின்மேல் மெல்லிய ஹெட் எழுதினால், புதிய கோட்டின் ஓரத்தில் பழைய எழுத்து மிஞ்சிவிடும். எக்ஸ்டியின் அகலமான ஹெட் இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பும். எழுதிய டிரைவிலேயே வைத்துப் பார்த்தால் வட்டு பழுதில்லாமல் படிக்கும், அதனால் சந்தேகமே வராது. 360 கேபி டிரைவிலேயே எழுதுங்கள். முடியாவிட்டால் காந்தத்தால் முழுக்க அழித்த வட்டில் எழுதுங்கள். 1.2 எம்பி வட்டுகளை இதற்கு எடுக்காதீர்கள். அவற்றின் பூச்சுக்கு இன்னும் வலுவான காந்தப்புலம் வேண்டும், அதை 360 கேபி டிரைவ் தராது.

ஃபைல்களை மட்டும் காப்பி செய்தாலும் பூட் ஆகாது. ஐபிஎம்பயோ.காம், ஐபிஎம்டாஸ்.காம் இரண்டும் பட்டியலில் முதல் இரண்டு இடங்களில் இருந்தாக வேண்டும். எனவே வட்டை முழுதாகப் படியெடுக்கும் டிஸ்க்காப்பி அல்லது டாஸ் ஃபைல்களையும் சேர்த்து வைக்கும் ஃபார்மேட் /எஸ் கட்டளைதான் வேண்டும்.

வட்டைப் போடும் முன் ஹெட்டைத் துடைக்கச் சொன்ன அம்மாவுக்கும் நன்றி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால், அழுத்தாமல். மேல் ஹெட் மெல்லிய தகட்டில் தொங்குகிறது, லேசாகத் தூக்கினாலே கோணிக்கொள்ளும். பூஞ்சை பிடித்த வட்டு ஒரு சுற்று சுற்றினால் ஹெட்டில் பழுப்புக் கோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்துப் போடும் நல்ல வட்டில் அதே கோடு கீறலாக விழும். ஒவ்வொரு வட்டுக்கும் பிறகு ஹெட்டைப் பார்த்துவிடுங்கள்.

ஹார்ட் டிஸ்க்குக்கு வருவோம். பல கன்ட்ரோலர்களில் (ஹார்ட் டிஸ்க்கை இயக்கும் அட்டைகளில்) டாஸின் டீபக் நிரலில் ஜி=சி800:5 என்று தட்டினால் லோ-லெவல் ஃபார்மேட் (டிராக், செக்டர்களைப் புதிதாக எழுதுவது) தொடங்கும். இந்த எக்ஸ்டியோடு வந்த அசல் கன்ட்ரோலரில் அந்த நிரல் கிடையாது. ஐபிஎம்மின் அட்வான்ஸ்ட் டயக்னாஸ்டிக்ஸ் வட்டுதான் வழி. 306 சிலிண்டர், 4 ஹெட், 17 செக்டர், இன்டர்லீவ் (அடுத்தடுத்த செக்டர்களைத் தள்ளித் தள்ளி வைக்கும் அளவு) 6. அரை மணி நேரம் ஓடவிட்டு, பெட்டியில் எப்படிப் படுத்திருக்குமோ அப்படியே வைத்துத்தான் ஃபார்மேட் செய்ய வேண்டும். சூடேறும்போது ஹெட் நிற்கும் இடம் சற்றே நகரும், குளிரில் எழுதியது பிறகு படிக்காது. அப்புறம் எஃப்டிஸ்க்கில் பிரித்து, அந்தப் பகுதியை ஆக்டிவ் ஆக்கி, ஃபார்மேட் சி: /எஸ். அந்த டயக்னாஸ்டிக்ஸ் வட்டைத் தேடி எடுத்துத் தந்தவர் தன் கையில் இருந்த ஒரே பிரதியை நம்பிக் கொடுத்தார். அது பத்திரமாகத் திரும்பி வருகிறது, ஐயா.

இந்தக் கணினியில் தேதியை நினைவில் வைக்கும் கடிகாரம் கிடையாது. அதனால் ஒவ்வொரு முறையும் 1-01-1980, செவ்வாய் என்று காட்டிப் புதிய தேதி கேட்கிறது. ஆண்டை நான்கு இலக்கமாகத் தட்டினால் ஏற்றுக்கொள்கிறது. பிறகு நேரம் கேட்கிறது, அதன்பின் சி> வந்து நிற்கிறது.

அன்புடன்,
பழுது பார்த்த குழுவினர்