பெஸ்காரா அரங்கின் வாயில்: இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்

இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவருக்கும், இரண்டாம், மூன்றாம் பிரிவுகளான சீரி பி, சீரி சி லீக் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

பியர்மாரியோ மொரோசினி என்ற நடுக்கள ஆட்டக்காரரைப் பற்றி உங்களிடம் பேசவே இம்மடலை எழுதுகிறேன். 2012 ஏப்ரல் 14 அன்று பெஸ்காரா நகர அரங்கில் ஆட்டத்தின் நடுவே அவர் விழுந்து இறந்த சில நிமிடங்களை உலகம் முழுவதும் பார்த்தார்கள். அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. அவருடைய மரணத்துக்குப் பிறகு உங்கள் நாடு சட்டங்கள் இயற்றியது. ஆனால் அவர் வாழ்ந்த தொழில்வாழ்க்கையைக் கொண்டு அந்தச் சட்டங்களைப் படித்துப் பார்த்தால், செய்ய வேண்டியது இன்னும் மீதமிருக்கிறது என்று இத்தாலியின் இரண்டாம் பிரிவு ஆட்டங்களைத் தொலைவிலிருந்து பல ஆண்டுகளாகப் பின்தொடரும் நான் உறுதியாக நம்புகிறேன்.

மொரோசினி 1986 ஜூலை 5 அன்று பெர்காமோவில் பிறந்து, அவ்வூரின் அத்தலாந்தா அணியுடைய இளையோர் பிரிவில் ஆட்டம் பயின்றவர். பதின்ம வயது முடியும் முன்பே தாயையும் தந்தையையும் இழந்தார். பிறகு சகோதரரையும் இழந்தார். பராமரிப்பு தேவைப்பட்ட சகோதரி ஒருவர் மட்டுமே எஞ்சினார். 2005இல் உதினேசே அணி அவரை எடுத்துக்கொண்டது. அந்தப் பருவத்தில் சீரி ஆவில் களமிறங்கிய ஆட்டங்களை ஒரு கை விரல்களிலேயே எண்ணிவிடலாம்; முதல் பிரிவில் அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அடுத்த பருவம் போலோஞ்ஞா. அதற்கடுத்து இரண்டு பருவங்கள் விசென்சா. 2009இல் நாட்டின் தென்கோடியிலுள்ள ரெஜ்ஜினா, சில மாதங்களில் வடக்கே பாதோவா, மறுபடி விசென்சா, பருவம் பாதியில் இருக்கும்போதே, 2012 ஜனவரி இறுதியில், லிவோர்னோ. இவை எல்லாம் சீரி பி அணிகள். பெரும்பாலும் இரவலாகப் போனவர் அவர். பதிவேட்டில் உதினேசே வீரர். பந்தை ஆடியதோ வேறு ஊர்களின் சட்டையில்.

விசென்சாவுக்குப் போனபோது, அன்று உங்கள் நாட்டில் வழக்கத்தில் இருந்த கூட்டுடைமை முறையில் அவருடைய உரிமையை இரண்டு அணிகள் பாதிப் பாதியாக வைத்திருந்தன. இரு அணிகளும் உடன்பாட்டுக்கு வராவிட்டால், மூடிய உறைகளில் தொகையை எழுதிக் கொடுத்து, அதிகம் எழுதியவர் மீதிப் பாதியையும் எடுத்துக்கொள்ளும் அந்த ஏற்பாட்டை 2014இல் நீங்களே ஒழித்தீர்கள். அதற்காக உங்களுக்கு நன்றி. தான் அடுத்த ஆண்டு எந்த ஊரில் வாழ்வோம் என்பது ஓர் உறைக்குள் இருக்க, களத்தில் நிதானமாகப் பந்தைக் கடத்திக்கொண்டிருந்த இளைஞர்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

அவர் திறமை குறைந்தவரும் அல்லர். 2009இல் ஸ்வீடனில் நடந்த 21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியப் போட்டிக்கு இத்தாலி அனுப்பிய அணியில் இருந்தார். மொரோசினி பிறந்த 1986ஆம் ஆண்டிலேயே பிறந்து அதே அணியில் நடுக்களத்தில் ஆடிய கிளாவுதியோ மார்க்கீசியோ, யுவெந்தஸ் அணியின் தூணாக வளர்ந்தார். மொரோசினி இரண்டாம் பிரிவிலேயே நின்றார். எதிரணியின் பந்தை இடைமறிப்பதும், அருகிலிருப்பவருக்குத் தவறாமல் கொடுப்பதும், முன்னே போன தோழர் விட்ட இடத்தைப் போய் நிரப்புவதும் அவருடைய வேலை. கோல் பட்டியலில் இடம்பெறாத அந்த உழைப்பில்தான் உங்கள் கீழ்ப்பிரிவுகளின் பயிற்சியும் தொண்ணூறு நிமிட ஆட்டமும் நடக்கின்றன.

பெஸ்காராவுக்கு வருகிறேன். ஆட்டத்தின் 31ஆம் நிமிடம். லிவோர்னோ இரண்டு கோல் முன்னிலையில் இருந்தது. பந்து வேறெங்கோ இருக்கும்போது மொரோசினி தடுமாறி விழுந்தார், எழ முயன்றார், மீண்டும் விழுந்தார். அவரை ஏற்றிச்செல்ல வந்த ஆம்புலன்ஸின் வழியை, அரங்கின் வாயிலில் நிறுத்தப்பட்டிருந்த நகரக் காவல் கார் ஒன்று மறித்திருந்தது. அதன் கண்ணாடியை உடைத்துத்தான் காரை அப்புறப்படுத்தினார்கள். மின்னதிர்ச்சி கொடுத்து இதயத் துடிப்பை மீட்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவி பயன்படுத்தப்படவே இல்லை. இதயத்தசையைப் பாதித்துத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும் பரம்பரை நோய் அவருக்கு இருந்தது உடற்கூறாய்வில் தெரிந்தது. அவருக்கு வயது 25. யார் மீது குற்றம் என்பதை ஆராய்ந்தது நீதிமன்றங்களின் வேலை. அதற்குள் நான் போகவில்லை.

ஆனால், அதற்கு நான்கு வாரங்கள் முன்பு, மார்ச் 17 அன்று, லண்டனில் போல்டன் அணியின் நடுக்கள ஆட்டக்காரர் ஃபாப்ரீஸ் முவாம்பா இதே போல் விழுந்தார். அவருடைய இதயம் 78 நிமிடங்கள் தானாகத் துடிக்கவில்லை. களத்திலேயே தொடங்கி மின்னதிர்ச்சி பலமுறை கொடுக்கப்பட்டது. அவர் உயிர் பிழைத்தார். இருவருடைய நோயும் உடலும் ஒன்றல்ல என்பதால், பெஸ்காராவிலும் அப்படியே நடந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றவருக்கு மின்னதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கிறது என்பது மருத்துவ உலகம் ஏற்ற உண்மை. ஒரு கார் நகர எடுக்கும் நேரத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள்.

விளையாட்டு வீரர்களின் இதயத்தைச் சோதிப்பதில் உலகுக்கு வழிகாட்டியது உங்கள் நாடுதான் என்பதை மறக்கவில்லை. 1982 முதல் போட்டி விளையாட்டில் இறங்கும் எவரும் இதய மின்வரைவு உள்ளிட்ட சோதனையில் தேற வேண்டும். வெனேத்தோ மாநிலத்தில் 1979 முதல் 2004 வரை திரட்டிய தரவுகளைக் கொண்டு பாதோவா ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, இளம் வீரர்களின் திடீர் இதய மரண விகிதம் 89 சதவீதம் குறைந்தது. அந்தப் பாதோவாவின் சட்டையையும் விசென்சாவின் சட்டையையும் அணிந்து அதே மாநிலத்தில் ஆடியவர் மொரோசினி. சல்லடை எவ்வளவு நுண்ணியதாக இருந்தாலும் சிலர் அதன் வழியே நழுவுவார்கள்; அவர்களுக்காகத்தான் களத்தோரக் கருவியும் திறந்த வாயிலும்.

2013 ஏப்ரலில் அன்றைய சுகாதார அமைச்சர் பால்துச்சியின் ஆணை, சிற்றூர் அமெச்சூர் சங்கங்கள் உட்படப் பெரும்பாலான விளையாட்டு அமைப்புகளும் டிஃபிப்ரிலேட்டர் வைத்திருக்க வேண்டும் என்றது. அமெச்சூர் சங்கங்களுக்கான காலக்கெடு ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிவைக்கப்பட்டு, 2017 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. 2021 ஆகஸ்டில் வந்த 116ஆம் எண் சட்டம், பயிற்சி பெறாதவரும் அவசரத்தில் கருவியை எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அச்சத்தைப் போக்கியது. இவை நல்ல சட்டங்கள். ஆனால் கருவி எந்த அறையில் இருக்கிறது, அந்த அறையின் சாவி யாரிடம், ஆம்புலன்ஸ் எந்த வாயில் வழியாக வரும் என்பதை ஓர் அரங்கில் நிற்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். அதைச் சட்டத்தின் வாசகம் தானாகக் கற்றுத்தராது.

இங்கேதான் மொரோசினியின் தொழில்வாழ்க்கை முக்கியமாகிறது. லிவோர்னோவில் அவர் சேர்ந்து இரண்டரை மாதங்களே ஆகியிருந்தன. விழுந்ததோ எதிரணியின் அரங்கில். உங்கள் சீரி பியின் 20 அணிகளிலும் சீரி சியின் 60 அணிகளிலும் இப்படி இரவலில் வந்து, ஆறு மாதத்தில் போகிறவர்கள் ஏராளம். பத்தாண்டுகள் ஒரே மருத்துவரின் கண்பார்வையில் இருக்கும் பெரிய அணி வீரரின் பாதுகாப்பு அவர்களுக்குப் பழக்கத்தால் அமையாது; விதியால்தான் அமைய வேண்டும்.

ஆகவே கேட்கிறேன். வீரர் இரவலாகப் போகும்போது அவருடைய இதயச் சோதனைகளின் முழு வரிசையும், அவர் ஒப்புதலுடன், புதிய அணி மருத்துவரின் கையில் கிடைத்த பிறகே பதிவு நிறைவடைய வேண்டும். பருவம் தொடங்கும் முன் ஒவ்வோர் அரங்கிலும், நடுக்களத்தில் ஒருவர் விழுந்ததாகக் கொண்டு, கருவி அவரை அடையும் நேரத்தையும் ஆம்புலன்ஸ் வாயிலைக் கடக்கும் நேரத்தையும் அளந்து, அந்த நேரங்களை ஊரறிய வெளியிட வேண்டும். ஆட்டம் தொடங்க விசில் ஊதும் முன், வாயில் காலியாக இருப்பதை நேரில் பார்த்து ஒருவர் கையெழுத்திட வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

லிவோர்னோவும் விசென்சாவும் மொரோசினியின் 25ஆம் எண் சட்டையை, வேறு எவருக்கும் கொடுக்காதபடி, ஓய்வுபெறச் செய்தன. அத்தலாந்தா அரங்கின் தெற்குப் பகுதி அவர் பெயரைத் தாங்குகிறது. உதினேசேயின் அன்றைய அணித்தலைவர் அந்தோனியோ தி நாத்தாலே, மொரோசினியின் சகோதரிக்குத் துணைநிற்பதாக உடனே அறிவித்தார். சக வீரர்களும் ரசிகர்களும் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். உங்கள் பங்காக, நான் கேட்ட ஒத்திகையில் முதலாவதைப் பெஸ்காராவின் ஆத்ரியாத்திகோ அரங்கில், அன்று கார் நின்ற அந்த வாயிலிலிருந்தே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் பிரிவு ஆட்டங்களின் நெடுநாள் பார்வையாளர் ஒருவர்