தொட்டி மாற்றிய ஆலமரத்தை இப்போதைக்குச் சும்மா விடு

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தையில் தேதி வைத்தால் முதல் நாளே கீழக்கரைக்கு வந்துவிடுவோம். இங்கே மண்டபத்தில் தடைக்காலம் முடிந்து ஜூன் 15-லிருந்து விசைப்படகுகள் போகின்றன, ஊர் மறுபடி கலகலப்பாகிவிட்டது.

சரி, தொட்டியில் குட்டையாக வளர்க்கிறாயே, அந்த உன் போன்சாய் ஆலமரத்துக்கு வருகிறேன். வேரை வெட்டிக் குறைத்துத் தொட்டி மாற்றியதும் இலை கொட்டுகிறது, உரம் போடட்டுமா, மண்ணை மறுபடி மாற்றட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் வேண்டாம்டா. வேரைக் குறைத்த பிறகு அத்தனை இலைக்கும் தண்ணீர் ஏற்ற முடியாததால் மரமே இலையை உதிர்க்கிறது, அதற்குப் பயப்படாதே. காய்ந்து சுருண்டும் விழாமல் கொம்பிலேயே தொங்கும் இலைதான் கவலைக்குரியது, ஏனென்றால் இலையை உதிர்க்கவும் கொம்பில் உயிர் வேண்டும். நுனியில் கூம்பி நிற்கும் மொட்டைத் தொட்டுப் பார். கெட்டியாக இருந்தால் நல்லது. கறுத்துச் சூம்பியிருந்தால் கொஞ்சம் கீழே தள்ளிப் பட்டையை நகத்தால் லேசாகக் கீறு, பச்சை தெரிந்து பால் கசிந்தால் அந்த இடத்திலிருந்து துளிர்க்க வாய்ப்பு இருக்கிறது.

எனக்குக் கவலையெல்லாம் உன் மொட்டைமாடிதான். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற மாதங்களில் தெற்கே கடலைப் பார்த்த மாடியில் உப்புக் காற்று இலையைக் கருக்கும், மரம் ஆட ஆட புதிதாக விடுகிற நூல் வேரும் அறுந்துபோகும். மரத்தைத் தொட்டியோடு கம்பி போட்டுக் கட்டியிருக்கிறாயா? இல்லையென்றால் இன்றே கட்டு, கம்பி பட்டையை அறுக்காமல் இருக்க இடையில் சைக்கிள் டியூப் துண்டு வை. அப்புறம் கீழே இறக்கி வடக்குப் பக்கத் தாழ்வாரத்தில் வைத்து, பனையோலைத் தட்டி ஒன்றைச் சாய்த்துவிடு. நல்ல வெளிச்சம் வேண்டும், உச்சி வெயில் வேண்டாம்.

கிணற்றுத் தண்ணீரை ஊற்றவே ஊற்றாதே. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது என்றாயே, அது உப்பு. உவர்த் தண்ணீரை உறிஞ்ச நல்ல வேரே சிரமப்படும், வெட்டுப்பட்ட வேர் என்ன செய்யும்? குழாயில் வரும் காவிரித் தண்ணீரை வாளியில் ஓர் இரவு திறந்து வைத்து ஊற்று, மழை பெய்தால் பிடித்து வைத்துக்கொள். ஒருமுறை அடித்துளை வழியே நன்றாக ஓடும்வரை ஊற்றி உப்பைக் கழுவிவிடு. பிறகு மூங்கில் குச்சியை மண்ணில் குத்தி எடுத்துப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று. இலை குறைந்த மரம் கொஞ்சமாகத்தான் குடிக்கும், வழக்கம்போல தினமும் ஊற்றினால் வேர் அழுகிவிடும்.

யூரியா, புண்ணாக்குத் தண்ணீர் எதுவும் இப்போது கிடையாது, அதுவும் ஒரு உப்புதான் அந்த வேருக்கு. புது இலை விரிந்து முற்றட்டும், அப்போது பாதி அளவில் ஆரம்பிக்கலாம். கிளை வெட்டுவதும் கம்பி சுற்றுவதும் அடுத்த வருடம்.

நுனி மொட்டைக் கிட்டத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடு. அடுத்த வாரம் ஒரு வேலையாகக் கீழக்கரை வருகிறேன், அதுவரை வேரைப் பார்க்கிறேன் என்று மரத்தைத் தொட்டியிலிருந்து தூக்கிவிடாதே. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்