புகார் கடிதம்: ஸ்பிண்டில் ஆட்டத்துக்கு அளந்த பதில் வேண்டும்

அனுப்புநர்:
உரிமையாளர்,
மோட்டார் ஸ்டார்ட்டர் பழுதுபார்ப்பு மற்றும் கண்ட்ரோல் போர்டு தயாரிப்பு,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: சர்க்யூட் போர்டு செதுக்கும் சிஎன்சி (கணினி இயக்கும்) இயந்திரத்தின் ஸ்பிண்டில் (வெட்டுமுனையைச் சுழற்றும் பகுதி) குறைபாடு – மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கோருதல்.

ஐயா,

வணக்கம். தங்களிடம் நான் வாங்கிய சிறிய சிஎன்சி இயந்திரத்தைப் பற்றித் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் பலமுறை முறையிட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறொருவர் பேசுகிறார். ஒவ்வொருவரிடமும் நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஸ்பீட் போஸ்டில் இந்தக் கடிதம். இதைப் பிரிப்பவர் யாராக இருந்தாலும் கடைசி வரி வரை படித்துவிட்டு, தங்கள் பட்டறையிலிருந்து நுண்ணிய ஆட்டத்தை முள்ளில் காட்டும் டயல் கேஜ் ஒன்றை வரவழைத்துக்கொண்டு பதில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் தொழிலைச் சொன்னால்தான் என் அவசரம் புரியும். பாலக்கோடு, மாரண்டஅள்ளி பக்கத்துத் தக்காளித் தோட்டங்கள் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றை நம்பி இருப்பவை. மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை போய்விட்டால் மோட்டார் சுருள் கருகிவிடும். தண்ணீர் வற்றிய பின் பம்ப் ஓடினாலும் கேடுதான். இவற்றைக் கண்டுகொண்டு மோட்டாரை நிறுத்தும் போர்டுகளை நானே வடிவமைத்துச் செய்கிறேன். கூலிக்கு ஆள் இல்லை, தனியாள் தொழில். பிழைப்பும் இதுதான்.

ஒரு புதிய போர்டை வடிவமைத்தால் முதலில் மாதிரி ஒன்று செய்து பார்த்தாக வேண்டும். முன்பெல்லாம் வழவழப்பான தாளில் லேசர் பிரிண்டரில் அச்செடுத்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துச் செம்புத் தகட்டில் ஒட்டவைத்து, ஃபெரிக் குளோரைடு கரைசலில் அரித்தெடுப்பேன். தரையில் விழுந்த கறை இன்னமும் போகவில்லை. செம்பு கலந்த அந்தக் கழிவை எங்கே கொட்டுவது என்பது தனித் தலைவலி. போர்டு தயாரிப்பு நிறுவனங்களுக்குக் கோப்பை அனுப்பி வாங்கலாம். தரம் நன்றாகவே இருக்கும். ஆனால் ஒரு டிராக் (மின்சாரம் ஓடும் செம்புக் கோடு) தவறிப்போனால் திருத்தி மறுபடியும் அனுப்பிக் காத்திருக்க வேண்டும். கோடையில் மோட்டார் எரிந்துபோன விவசாயியிடம் அந்தக் கணக்கைச் சொல்ல முடியாது. காலையில் வரைந்ததை மாலைக்குள் சோதித்துவிடலாம் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் தங்கள் இயந்திரத்தை வாங்கினேன்.

தங்கள் விளம்பரத்தில் இரண்டு வாக்குறுதிகள் இருந்தன. ஒன்று, 0.2 மில்லிமீட்டர் அகல டிராக் வரை செதுக்கும். இன்னொன்று, 0.0025 மில்லிமீட்டர் துல்லியம். இரண்டாவது எண் எங்கிருந்து வந்தது என்பதை படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டாரோடு புழங்கியவர் எவரும் சொல்லிவிடுவார். ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், அதை 16 ஆகப் பிரித்தால் 3200. ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகரும் திருகுத்தண்டு. 8-ஐ 3200-ஆல் வகுத்தால் 0.0025. இது காகிதத்தில் போட்ட வகுத்தல் கணக்கு. இயந்திரம் செம்பில் கிழிக்கும் கோட்டுக்கும் இதற்கும் வெகுதூரம். இதைத் துல்லியம் என்று அச்சிட்டு விற்பதே தவறு என்பேன். இருந்தாலும் என் புகார் அதைப் பற்றியது அல்ல.

என் புகார் ஸ்பிண்டிலைப் பற்றியது. பிட் எனும் வெட்டுமுனை தன் அச்சில் நேராகச் சுழலாமல் வட்டமடிக்கிறது. லேத் பட்டறைகளில் ‘அவுட்’ என்று சொல்கிற ஆட்டம் இது. ஓசூர் சிப்காட்டில் ஒரு கருவி அறையில் வேலை செய்யும் என் மைத்துனர், 0.01 மில்லிமீட்டர் காட்டும் டயல் கேஜைக் கொண்டுவந்தார். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, காலெட்டில் (கவ்விப் பிடிக்கும் வளையத்தில்) மாட்டிய பிட்டின் தண்டில் கேஜின் முனையை வைத்து, ஸ்பிண்டிலைக் கையால் மெதுவாகத் திருப்பினோம். ஒரு முழுச் சுற்றில் முள் 0.12 மில்லிமீட்டர் ஏறி இறங்கியது.

பிட்டின் தண்டு வளைந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். முனை உடைந்த கார்பைடு துளைப்பான் ஒன்றைத் தலைகீழாகக் காலெட்டில் மாட்டினோம். அதன் தண்டு 3.175 மில்லிமீட்டருக்குத் துல்லியமாகச் சாணை பிடித்தது; வளைய வாய்ப்பே இல்லை. முள் அதே அளவுதான் ஆடியது. காலெட் நட்டின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடும், ஸ்பிண்டில் தண்டின் மேல் ஒரு கோடும் போட்டு, காலெட்டைக் கழற்றிக் கால் சுற்று தள்ளி மாட்டிப் பார்த்தோம். மேடான இடம் காலெட்டோடு நகரவில்லை. தண்டின் கோட்டுக்கு நேராகவே நின்றது. ஆக, குற்றம் பிட்டிலும் இல்லை, காலெட்டிலும் இல்லை.

இன்னும் ஒன்றும் கவனித்தோம். தங்கள் இயந்திரத்தில் காலெட் நேரடியாக மோட்டாரில் அமையவில்லை. மோட்டாரின் 5 மில்லிமீட்டர் தண்டின் மேல் ஓர் உறை மாட்டி, பக்கவாட்டில் சிறு கிரப் திருகு கொண்டு முடுக்கியிருக்கிறீர்கள். உறையின் துளை ஒரு மயிரிழை தளர்ந்திருந்தாலும், திருகை முடுக்க முடுக்க உறை திருகு இருக்கும் பக்கமாக இழுபடும், மையம் விலகிவிடும். முள் உச்சம் காட்டிய இடமும் மிகச் சரியாகத் திருகின் பக்கம்தான். குறை இங்கேதான் என்பது என் கணிப்பு. உறுதி செய்ய வேண்டுமானால் கழற்ற வேண்டும். கழற்றினால் உத்தரவாதம் செல்லாது என்று தங்கள் சீட்டில் அச்சிட்டிருப்பதால் அந்தத் திருகை நான் தொடவில்லை.

0.12 மில்லிமீட்டர் ஒரு பெரிய விஷயமா என்று தங்கள் சேவைப் பிரிவில் ஒருவர் சிரித்தார். கணக்கைப் பாருங்கள். முனை 0.1 மில்லிமீட்டர், கோணம் 30 பாகை உள்ள வி-பிட்டை 0.1 மில்லிமீட்டர் ஆழம் இறக்கினால் வெட்டின் அகலம் ஏறக்குறைய 0.15 வர வேண்டும். ஆட்டமும் சேர்ந்தால் 0.27. நான் பயன்படுத்தும் ஏடிமெகா328பி என்ற கட்டுப்பாட்டு சிப்பின் தட்டை வடிவத்தில் கால்களுக்கு இடையிலான தூரம் 0.8 மில்லிமீட்டர். கால் ஒட்டும் செம்புப் பேடுக்கு 0.5 போனால் மிச்ச இடைவெளி 0.3. அதற்குள் 0.15 அகல வெட்டு நிம்மதியாக ஓடும். 0.27 அகல வெட்டு, இழை பிசகினாலும் பேடைத் தின்றுவிடும், தின்றும்விட்டது. அளவுகோல் பொறித்த உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால் வெட்டின் இரு கரைகளிலும் செம்பு பிசிறு பிசிறாக நிற்கிறது. அந்தப் பிசிறுகளில் ஒன்று பக்கத்து டிராக்கைத் தொட்டுக்கொண்டிருந்ததை மல்டிமீட்டர் கூவிக் காட்டியது. துளையிடும்போதும் இதே கதைதான். 0.8 மில்லிமீட்டர் கார்பைடு துளைப்பான் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்காது. பலகையைத் தொட்டதும் முறிகிறது.

தங்கள் விளம்பரக் காணொளியையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அதில் செதுக்கும் போர்டில் எல்லாம் 2.54 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள பழைய துளைப் பேடுகள். அந்த இடைவெளியில் எந்த இயந்திரமும் நன்றாகவே செதுக்கும். கூடையின் மேல் வரிசையில் மட்டும் நல்ல மாம்பழம் அடுக்கி விற்பதை இந்தப் பக்கத்தில் சிறுபிள்ளையும் கண்டுபிடித்துவிடும்.

இனி, தாங்கள் இதுவரை அளித்த பதில்கள்.

பலகை மேடுபள்ளமாக இருக்கும், ஆட்டோ லெவலிங் செய்யுங்கள் என்றார்கள். செய்திருக்கிறேன். பிட்டிலும் செம்பிலும் கிளிப் மாட்டி, பலகை முழுவதும் கட்டம் கட்டமாகத் தொட்டு உயரப் படம் எடுத்த பிறகுதான் ஒவ்வொரு போர்டையும் செதுக்குகிறேன். அது ஆழத்தைச் சரி செய்யும். வட்டமடிக்கும் பிட்டை எப்படி நேராக்கும்? மென்பொருளை மாற்றுங்கள் என்றார்கள். ஃபிளாட்கேம் மென்பொருளில் உருவாக்கிய ஜி-கோடு (இயந்திரத்துக்கான நகர்வுக் கட்டளைகள்) கோப்பைத் தங்களுக்கே அனுப்பினேன். அதில் தவறு இருப்பதாக எவரும் காட்டவில்லை. மின்சாரம் நின்ற நிலையில் கையால் திருப்பும்போதே முள் ஆடுகிறது என்றால், அங்கே மென்பொருளுக்கு என்ன வேலை?

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் “உங்கள் ஊர்ப் பக்கம் வோல்டேஜ் சரியிருக்காது, அதனால்தான்” என்று ஒருவர் சொன்னதை ஏற்க முடியாது. வோல்டேஜ் ஏற்ற இறக்கத்திலிருந்து மோட்டாரைக் காப்பதுதான் ஐயா நான் செய்யும் தொழிலே. தாங்கள் கொடுத்த பவர் சப்ளையின் மேல் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியிருக்கிறது. ஸ்பிண்டில் வெட்டிக்கொண்டிருக்கும்போது அதன் வெளியீட்டை அளந்தேன். 24 வோல்ட் அசையாமல் நின்றது. கேட்பவர் கிராமத்துக்காரர் என்றால் மின்சாரத்தின் மேல் பழி போட்டுவிடலாம் என்ற நினைப்பு இருந்தால் அதைக் கைவிடுங்கள்.

கடைசியாக வந்த மின்னஞ்சல், ஸ்பிண்டில் தேய்மானப் பொருள் ஆகையால் உத்தரவாதத்தில் சேராது என்கிறது. மோட்டாரின் கார்பன் பிரஷ் தேயும், ஒப்புக்கொள்கிறேன். உறையின் மையம் தேய்ந்து விலகவில்லை. பெட்டியிலிருந்து வெளியே எடுத்தபோதே அப்படித்தான் இருந்தது. முதன்முதலில் வெட்டிய போர்டின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், இதே பிசிறுகள் அதிலும் இருக்கின்றன. தயாரிப்புக் குறைக்குத் தேய்மானம் என்று பெயர் வைக்க வேண்டாம்.

இதோடு சேர்த்து ஒன்று, எனக்காக அல்ல. எஃப்ஆர்-4 பலகை கண்ணாடி இழையும் எபாக்சி பிசினும் சேர்ந்தது. செதுக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசத்தைப் பற்றியோ தூசு உறிஞ்சுவதைப் பற்றியோ தங்கள் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. இந்த இயந்திரத்தைக் கல்லூரி மாணவர்களுக்கும் விற்கிறீர்கள். அடுத்த அச்சிலாவது சேருங்கள்.

என் கோரிக்கை இது. ஆட்டத்தை அளந்து, அளவை எழுதிக் கையொப்பமிட்ட சீட்டோடு வேறு ஸ்பிண்டில் அனுப்புங்கள். பிட்டின் தண்டில் 0.03 மில்லிமீட்டருக்கு மேல் ஆடக் கூடாது. தாங்கள் விளம்பரப்படுத்திய 0.2 மில்லிமீட்டர் டிராக்குக்கு அதற்கு மேல் இடமில்லை. அது முடியாது என்றால், தங்கள் செலவில் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு, விலைச்சீட்டில் உள்ள முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். “பார்த்துச் சொல்கிறோம்” என்ற பதில் இனி வேண்டாம்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், தர்மபுரியில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வழக்கு என்றால் தங்கள் ஊருக்குத்தான் வர வேண்டும் என்று விலைச்சீட்டின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் வசிக்கும் இடத்திலேயே மனு கொடுக்கலாம். தொழிலுக்கு வாங்கிய பொருள் ஆகையால் நான் நுகர்வோர் அல்ல என்று வாதிடவும் இடமில்லை. சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காகவே வாங்கிச் சொந்தமாகப் பயன்படுத்துபவரை அந்தச் சட்டம் நுகர்வோர் என்றே கொள்கிறது.

விலைச்சீட்டின் நகல், தங்கள் விளம்பரத்தின் அச்சுப்படி, டயல் கேஜ் அளவின் படங்கள், பேட் அரிபட்ட போர்டு ஒன்று ஆகியவற்றை இத்துடன் அனுப்பியுள்ளேன். போர்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம். உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பாலக்கோடு.