நம்ம சிங்கி இறாலுக்குக் கொடுக்கு கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல கடல் உணவு ஏற்றுமதி பத்தி வந்த கட்டுரைய முழுசா படிச்சேன். ஏலம், விலை, யாவாரிங்க படுற பாடு எல்லாம் நல்லா எழுதியிருந்தாங்க, அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா குமரி மாவட்டத்து சிங்கி இறால்னு (நம்ம கடல்ல கிடைக்கிற லாப்ஸ்டர் வகை) தலைப்பு போட்டுட்டு பக்கத்துல போட்ட படம் ரெண்டு பெரிய கொடுக்கு வச்ச அமெரிக்க லாப்ஸ்டர். அது கனடா, அமெரிக்காவோட மெய்ன் மாநிலம் பக்கம் வட அட்லாண்டிக் குளிர் தண்ணியில புடிக்கிறது, நம்ம கடல்ல அந்த இனமே கிடையாது. கீழ பெட்டிச் செய்தியில "லாப்ஸ்டர், க்ரேஃபிஷ், இறால் எல்லாம் ஒரே குடும்பம், சைஸ்தான் வித்தியாசம்"னு வேற போட்டிருக்கீங்க. (க்ரேஃபிஷ்ங்கிறது லாப்ஸ்டர் மாதிரியே இருக்கும், ஆனா நல்ல தண்ணியில வாழுறது.) நான் விலங்கியல் வாத்தியார், பசங்க உங்க பத்திரிகைய வெட்டி நோட்டுல ஒட்டிட்டு வந்து காட்டுறாங்க, அதனால இத அப்படியே விட மனசு வரல.

வலையில இருந்து எடுத்த சிங்கிய ஒருதடவ கிட்ட வச்சுப் பாத்தா போதும். கொடுக்கே இருக்காது, எல்லா காலும் நடக்கிற கால்தான். அதுக்குப் பதிலா உடம்ப விட நீளமா, தடியா, முள்ளு முள்ளா ரெண்டு மீசை, ஏதாவது கிட்ட வந்தா அத வச்சுதான் தள்ளும். கையில தூக்கினா கிர்ர் கிர்ருன்னு ஒரு சத்தம் போடும், அது வாயில இருந்து வர்றதில்ல, மீசையோட அடிப்பகுதிய கண்ணுக்குக் கீழ இருக்கிற மேட்டுல வயலின் வில்லு மாதிரி தேய்க்குது, அதுல வர்ற சத்தம். அமெரிக்க லாப்ஸ்டருக்கு இந்த அமைப்பே இல்ல. பொட்டைச் சிங்கிக்கு மட்டும் கடைசி ஜோடி கால் நுனியில பொடிசா ஒரு இடுக்கி இருக்கும், வயித்துல ஒட்டியிருக்கிற முட்டைய சுத்தம் பண்றதுக்கு, அந்தக் கால பாத்தாலே ஆணா பொண்ணான்னு சொல்லிடலாம்.

இனி சொந்தபந்தக் கணக்குக்கு வருவோம். இறால், நண்டு, சிங்கி எல்லாம் பத்துக்காலி வரிசைங்கிறது சரிதான், ஆனா அந்த வரிசை முதல்லயே ரெண்டா பிரியுது. ஒரு கிளை முட்டைய நேரா தண்ணியில விட்டுடும், பண்ணையில வளக்குற வனாமி, டைகர், அப்புறம் வெள்ளை இறால் எல்லாம் அதுல வரும், அதுக்கு டென்ட்ரோபிராங்கியேட்டான்னு பேரு. இன்னொரு கிளை முட்டைய வயித்துக்கடியில சுமந்துக்கிட்டே திரியும், அது ப்ளியோசைமேட்டா. நண்டு, சிங்கி, க்ரேஃபிஷ், சங்குக்குள்ள குடியிருக்கிற முனிவன் நண்டு, ஏன் நம்ம ஆத்து இறால் கூட இந்த ரெண்டாவது கிளைதான். அப்போ பாருங்க, பண்ணை வனாமிய விட ஆத்து இறால்தான் சிங்கிக்கு கிட்டத்து சொந்தம், சைஸ வச்சு இத எப்படி சொல்ல முடியும்?

இந்த ரெண்டாவது கிளைக்குள்ள லாப்ஸ்டர் மாதிரி இருக்கிறதுலயும், பெரிய கொடுக்கு உள்ளது அஸ்டாசிடியா, கொடுக்கு இல்லாதது அக்கிலேட்டா. அமெரிக்க லாப்ஸ்டர், ஐரோப்பிய லாப்ஸ்டர், நல்ல தண்ணியில வாழுற க்ரேஃபிஷ் எல்லாம் அஸ்டாசிடியா. நம்ம முள்ளுச் சிங்கியும், மீசை தட்டையா கரண்டி மாதிரி ஆகிப்போன தட்டைச் சிங்கியும் அக்கிலேட்டா. அதாவது நீங்க படத்துல போட்ட லாப்ஸ்டருக்கு க்ரேஃபிஷ்தான் ரொம்ப நெருக்கம், நம்ம சிங்கி தூரத்து உறவுதான். (நம்ம பக்கம் ஆழ்கடல்ல கொடுக்கு வச்ச சின்ன இனங்களும் சிலது இருக்கு, ஆனா ஏலத்துக்கு வர்ற சிங்கி அது இல்ல.)

படம் மாறிப்போனா என்ன குடி முழுகிடும்னு கேக்கலாம். குஞ்சு வளர்றத எடுத்துக்கோங்க. அமெரிக்க லாப்ஸ்டர் குஞ்சு மூணு கட்டம் மிதந்துட்டு நாலாவது கட்டத்துல தரையத் தேடி இறங்கிடும், எல்லாம் சில வாரத்துல முடிஞ்சிடும், அதனாலதான் அங்க குஞ்சு பொரிப்பகம் வச்சு கடல்ல விட முடியுது. நம்ம முள்ளுச் சிங்கியோட குஞ்சுக்கு ஃபில்லோசோமான்னு பேரு, பேப்பர் மாதிரி தட்டையா, உள்ள இருக்கிறது எல்லாம் தெரியிற உடம்பு, நீள நீளமா காலு, கடலோட்டத்துல மாசக்கணக்கா திரிஞ்சு பத்துக்கும் மேல தோல் உரிச்சு அப்புறம்தான் கரைப்பக்கம் வரும். வியட்நாம்ல கூண்டுல சிங்கி வளக்குறாங்க, ஆனா குஞ்சு கடல்ல இருந்து புடிச்சதுதான். உங்க கட்டுரையில "அமெரிக்காவுல பண்ற மாதிரி நாமும் பொரிப்பகம் வச்சா என்ன"ன்னு ஒரு வரி வருது, இந்த வித்தியாசம் தெரியாம எழுதின வரி அது. படிக்கிற யாராவது வீட்ட அடமானம் வச்சு தொட்டி கட்ட ஆரம்பிச்சா யாரு பதில் சொல்றது?

சட்டமும் இனம் பாத்துதான் பேசுது. 2003-ல மத்திய அரசு போட்ட ஏற்றுமதி விதியில, முள்ளுச் சிங்கி இனங்கள்ல பானுலிரஸ் ஹோமரஸ் 200 கிராம், பானுலிரஸ் பாலிஃபேகஸ் 300, பானுலிரஸ் ஆர்னேட்டஸ் 500, தட்டைச் சிங்கி 150, இதுக்குக் குறைஞ்சத முழுசா அனுப்பக் கூடாது. எல்லாமே "லாப்ஸ்டர்"னு ஒரே கூடையில போட்டா இந்த அளவு யாருக்குப் புரியும்? 300 கிராம் ஹோமரஸ் அனுப்பலாம், அதே 300 கிராம் ஆர்னேட்டஸ் இன்னும் குட்டி, அத கடல்ல விட்டிருக்கணும். தட்டைச் சிங்கியில இன்னொரு சங்கதி, உலகம் பூரா ஒரே இனம்னு நினைச்சிட்டிருந்தத 2007-ல ஆஸ்திரேலியாவுல ஆராய்ச்சி பண்ணி அஞ்சு இனமா பிரிச்சாங்க. நம்ம கரையில அதிகமா வர்றது தீனஸ் யுனிமாகுலேட்டஸ், ஆனா 2003 விதியில பழைய பேரு தீனஸ் ஓரியன்டாலிஸ்தான். மும்பை பக்கம் இந்த தட்டைச் சிங்கிய டிராலர்ல அளவில்லாம அள்ளி 1990-கள்ல அந்தத் தொழிலே படுத்துப்போச்சு, அதனாலதான் எந்த இனம், எப்போ சினை வைக்குதுன்னு தெரிஞ்சு புடிக்கணும்னு இவ்வளவு அழுத்தி சொல்றேன்.

க்ரேஃபிஷ் பத்தியும் ஒண்ணு. இந்தியாவுல இயற்கையா க்ரேஃபிஷே கிடையாது. ஆனா மீன் தொட்டி கடையில "ப்ளூ லாப்ஸ்டர்"னு விக்கிறாங்க, அது லாப்ஸ்டர் இல்ல, வெளிநாட்டு க்ரேஃபிஷ். ஜெர்மனியில மீன் தொட்டியில கண்டுபிடிச்ச மார்பிள் க்ரேஃபிஷ்னு ஒண்ணு, எல்லாமே பொட்டை, ஆண் துணை இல்லாமலே முட்டை போடும், அது மடகாஸ்கர்ல வயக்காட்டுல எல்லாம் பரவிடுச்சு. வளக்க முடியலைன்னு தயவுசெஞ்சு யாரும் குளத்துலயோ ஓடையிலயோ கொண்டுபோய் விட்டுடாதீங்க, இத உங்க பத்திரிகையில பெருசாவே போடலாம்.

அடுத்த இதழ்ல ஒரு திருத்தம் போடுங்க, அதே இடத்துல, அதே அளவுல. முள்ளுச் சிங்கி ஒண்ணு, தட்டைச் சிங்கி ஒண்ணு, அமெரிக்க லாப்ஸ்டர் ஒண்ணு, க்ரேஃபிஷ் ஒண்ணு, நாலு படமும் பக்கத்துல பக்கத்துல வச்சு இனப்பேரோட போட்டா போதும், பசங்களே பாத்து புரிஞ்சுப்பாங்க. நம்ம சிங்கி படம் வேணும்னா குளச்சல், முட்டம் துறைக்கு காலையில ஆள் அனுப்புங்க, வலை கரைக்கு வர்ற நேரத்துல உயிரோடவே எடுத்துக்கலாம்.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகர்,
குமரி மாவட்டம்