ஷெஃபீல்டுக்குப் போகும் மகளுக்கு

கண்ணு,

வாட்ஸ்அப் குழுவில் பார்த்ததாகச் சொன்னாயே, க்ரூக்ஸ் பகுதியில் இருக்கிற அந்த வாடகை வீட்டுக்கு இப்போதைக்கு ஒரு பவுண்டுகூட அனுப்பாதே. போனில் நீ அவசரமாக இருந்தாய், முழுசாகப் பேச முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படத்தில் வீடு அழகாக இருக்கிறது, வாடகை அக்கம்பக்கத்தைவிடக் குறைவு, "இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள், இன்றைக்கே டெபாசிட் போட்டால் உங்களுக்கு" என்கிறார் வீட்டுக்காரர். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் விலகிவிடு. வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகளால் நேரில் போய்ப் பார்க்க முடியாது என்பது ஏமாற்றுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் பல்கலைக்கழக விடுதியிலோ, பல்கலைக்கழகம் கைகாட்டுகிற மாணவர் விடுதியிலோ இறங்கு. வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை, அப்பாவும் நானும் அதைக் கணக்கில் வைத்துத்தான் பணம் ஒதுக்கியிருக்கிறோம். ஊர் பிடிபட்ட பிறகு, தோழிகளோடு சேர்ந்து வீடு பார்க்கலாம். அப்போது இதை நினைவில் வை. இங்கிலாந்துச் சட்டப்படி, வீட்டைப் பிடித்துவைக்கக் கேட்கும் தொகை ஒரு வார வாடகையைத் தாண்டக் கூடாது. டெபாசிட் சாதாரணமாக ஐந்து வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. அந்த டெபாசிட்டை வீட்டுக்காரர் எங்கும் பதியாமல் தன் கையில் வைத்துக்கொள்ள முடியாது. அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் 30 நாளுக்குள் பதிந்து, விவரத்தை உனக்குத் தர வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் ஆறு மாத வாடகை, ஒரு வருட வாடகை என்று மொத்தமாக வாங்குகிற வழக்கம் இருந்தது. 2026 மே 1 முதல் தனியார் வீடுகளில் ஒரு மாதத்துக்கு மேல் முன்கூட்டி வாங்க முடியாது. பெரிய மாணவர் விடுதிகளுக்கு விதி வேறு, அங்கே ஒப்பந்தத்தை வரிவரியாகப் படி. புரியாத வரி இருந்தால் மாணவர் சங்கத்தின் ஆலோசனை மையத்தில் கொண்டுபோய்க் காட்டு, காசு வாங்கமாட்டார்கள்.

வீட்டை நேரில் பார்க்கும்போது சமையலறை மேடையைப் பார்த்து மயங்காதே. அலமாரியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கக் கேள். வெளிச்சுவர் மூலை, ஜன்னலுக்குக் கீழே, கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் கரும்புள்ளியாகப் பூஞ்சை பூத்திருக்கிறதா பார். நான்கு சுவரில் ஒன்றுக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேள். ஈர வாடை வந்தால் அந்த வீடு வேண்டாம். குளிர்காலத்தில் ஜன்னலைத் திறக்கமாட்டீர்கள், துணியையும் அறைக்குள்ளேயே காயப்போடுவீர்கள். இரண்டே மாதத்தில் நெஞ்சுச் சளி பிடித்துக்கொள்ளும். நர்ஸாக இருந்தபோது இப்படி இருமிக்கொண்டு வருகிற மாணவர்களை நிறையப் பார்த்தேன். குடிபுகும் அன்றே ஒவ்வொரு சுவரையும், தரையையும், மெத்தையையும் தேதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடு. இன்னொன்று, வீட்டில் இருக்கிற எல்லோரும் முழுநேர மாணவர்களாக இருந்தால் நகராட்சிக்குக் கட்டுகிற கவுன்சில் வரி கிடையாது. ஒருவர் படிக்காமல் வேலைக்குப் போகிறவராக இருந்தாலும் வீட்டுக்கு பில் வரும். யாரோடு சேர்ந்து இருக்கப் போகிறாய் என்று முடிவு செய்யும்போது இதையும் பார்.

நான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதுதான். அந்த ஊரில் உதவிக்குப் பஞ்சமில்லை, ஆனால் நீ போய்க் கேட்க வேண்டும். நம் ஊரில் முகம் வாடியிருந்தால் பக்கத்து வீட்டு அக்காவே வந்து "என்னாச்சு சாமி" என்பார். அங்கே யாரும் அப்படி நுழையமாட்டார்கள், அது அவர்கள் காட்டுகிற மரியாதை. நீ வாயைத் திறந்து கேட்டுவிட்டால் முன்பின் தெரியாதவர்கூட நின்று, கூடவே நாலடி நடந்து வழிகாட்டுவார். நீ சின்ன வயதிலிருந்தே கேட்கக் கூச்சப்படுகிறவள். அந்த ஒன்றை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

போனதும் முதல் வாரத்திலேயே பக்கத்து ஜி.பி. (குடும்ப மருத்துவர்) கிளினிக்கில் பதிந்துகொள். காய்ச்சல் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதே. விசாவோடு வருடத்துக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் கட்டியிருக்கிறோம். டாக்டரைப் பார்க்கத் தனியாகப் பணம் கிடையாது, ஆம்புலன்ஸுக்கும் கிடையாது. மருந்துச் சீட்டுக்கு மட்டும் இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். தொண்டை வலி, சிறுநீர்க் கடுப்பு போன்றவற்றுக்கு மருந்துக் கடைக்காரரே பார்த்து மருந்து தரலாம் என்று 2024 தொடக்கத்தில் திட்டம் வந்திருக்கிறது, அதைப் பயன்படுத்து. உயிருக்கு ஆபத்து என்றால் 999. என்ன செய்வதென்று தெரியவில்லை என்றால் 111, இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட வேண்டுமா என்று ஜி.பி.யிடம் கேள், 25 வயதுக்குள் இருக்கிறவர்களுக்கு இலவசமாகப் போடுவார்கள். பல் வேலை எல்லாவற்றையும் ஈரோட்டிலேயே முடித்துவிட்டுப் போ. அங்கே பல் மருத்துவருக்கு இடம் கிடைப்பதே கஷ்டம், பெரியவர்களுக்கு இலவசமும் இல்லை. கண்ணாடி இரண்டு ஜோடி எடுத்துக்கொள்.

வேலை விஷயத்தில் கண்டிப்பாக இரு. பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை, ஒரு வாரம் குறைத்து அடுத்த வாரம் கூட்ட முடியாது. எம்.எஸ்ஸி. படிக்கிறவர்களுக்குக் கோடைக்காலம் விடுமுறை ஆகாது. ஆய்வறிக்கை எழுதும் அந்த மாதங்களும் பாடக்காலம்தான், பல பிள்ளைகள் இங்கேதான் சறுக்குகிறார்கள். சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற ஆப் வேலை சுயதொழில் கணக்கில் வரும், மாணவர் விசாவில் அது கூடாது. "என் அக்கவுன்ட்டில் நீ ஓட்டு" என்று யார் சொன்னாலும் மறுத்துவிடு. 21 வயது நிரம்பியவர்களுக்கு 2026 ஏப்ரல் முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்டு. அதற்குக் கீழே கையில் காசாகத் தருகிறேன் என்று நம் ஆட்கள் கடையிலேயே கேட்பார்கள். தமிழில் பேசுகிறார் என்பதற்காக இறங்கிவிடாதே, சம்பளச் சீட்டு கொடுக்காத இடத்தில் நிற்காதே.

"உன் கணக்குக்குக் கொஞ்சம் பணம் வரும், அதை இன்னொருவருக்கு அனுப்பிவிடு, உனக்கு நூறு பவுண்டு" என்று ஒருவர் வரலாம், உன் வகுப்புத் தோழனாகவே இருக்கலாம். அது திருட்டுப் பணம். உனக்குத் தெரியாமல் நடந்தது என்றாலும் வங்கிக் கணக்கை மூடிவிடுவார்கள், வேறு வங்கியிலும் திறக்க முடியாமல் போகும், வழக்காகி விசாவுக்கும் வினையாகலாம். உள்துறையிலிருந்து பேசுகிறோம், உடனே அபராதம் கட்டு என்று போன் வந்தால் வைத்துவிட்டு, பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவில் போய்க் கேள். விசா இப்போது அட்டையாக வருவதில்லை, எல்லாம் இணையக் கணக்கில்தான். அந்தக் கணக்கின் மின்னஞ்சலையும் போன் எண்ணையும் மாற்றினால் உடனே புதுப்பித்துவிடு. உன் விசாவைச் சரிபார்க்க வீட்டுக்காரரும் வேலை கொடுக்கிறவரும் கேட்கிற ஷேர் கோட் என்கிற குறியீட்டை அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

படிப்பைப் பற்றி. தொண்ணூறுக்குக் கீழே வந்தால் வருத்தப்படுகிற பள்ளிகளில் நீ வளர்ந்தாய். அங்கே எம்.எஸ்ஸிக்கு 50 தேர்ச்சி, 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். 64 வாங்கினால் நல்ல மார்க், எங்களுக்குச் சந்தோஷமாகச் சொல். அடுத்தவர் எழுதியதை எடுத்தால் எங்கிருந்து எடுத்தாய் என்று குறிப்பிட்டே ஆக வேண்டும், இதில் தாட்சண்யமே இல்லை. உடம்பு சரியில்லாமல் அசைன்மென்ட் தாமதமாகும் என்றால் கெடு முடிவதற்கு முன்பே எழுதிக் கேள். வகுப்பில் பேராசிரியரை மறுத்துப் பேசலாம், அதை விரும்புகிறவர்களே அதிகம்.

நீ படிக்கப் போகிற உலோகவியலுக்கு அதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை, தெரியுமா? ஹாரி பிரியர்லி 1913-ல் துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியது ஷெஃபீல்டில்தான். நம் வீட்டு எவர்சில்வர் டம்ளருக்கெல்லாம் மூதாதை அது. கெல்ஹாம் தீவு அருங்காட்சியகத்தில் 12,000 குதிரைத்திறன் நீராவி எந்திரம் ஒன்றை இன்னும் ஓட்டிக் காட்டுகிறார்கள். தரையே அதிரும், கட்டாயம் போய்ப் பார்.

ஊர் முழுக்க மேடு. வரைபடத்தில் பத்து நிமிடம் என்று காட்டுகிற தூரம் ஏற்றத்தில் இருபது ஆகும். பனி உறைந்த காலையில் ப்ரூம்ஹில் பக்கம் இறக்கத்தில் நடக்கும்போது பிடிமானமுள்ள பூட்ஸ் இல்லாமல் போகாதே. குளிர் கோட்டை இங்கே வாங்காதே, இங்கே கிடைப்பது அந்தக் குளிருக்குத் தாங்காது. அங்கே நன்கொடையாக வந்த பழைய பொருளை விற்கிற சாரிட்டி கடைகளில் நல்ல கோட்டும் பாத்திரமும் மலிவாகக் கிடைக்கும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். நம் நிறத்துக்கு அந்த வெயில் போதாது. தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடு, வருடம் முழுக்க. மனசு கனத்துக் கிடந்தால் அதுவும் நோய்தான், பல்கலைக்கழகத்தில் இலவச ஆலோசகர்கள் இருக்கிறார்கள், போய் உட்கார்ந்து பேசு. வெயிலடிக்கிற ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி ஹாதர்சேஜிலோ ஈடேலிலோ இறங்கி மலையில் நட. 16 முதல் 25 வயது வரைக்கான ரயில் கார்டு வாங்கிவிட்டால் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

சமையல் செய்யும்போது ஒன்று. கடுகு தாளிக்கிற புகைக்கே அங்கே தீ அலாரம் அலறும், கட்டடமே இறங்கி வாசலில் நிற்க வேண்டிவரும். சமையலறைக் கதவைச் சாத்து, ஜன்னலைத் திற, அடுப்புக்கு மேலே உள்ள விசிறியைப் போட்ட பிறகு எண்ணெய் ஊற்று. அலாரத்தைத் துணியால் மூடுகிற பிள்ளைகள் உண்டு. நீ செய்யாதே, அபராதம் மட்டுமல்ல, உயிர் விஷயம். அரிசி, பருப்பு, புளி எல்லாம் லண்டன் ரோட்டுப் பக்கம் ஆசியக் கடைகளில் கிடைக்கும், மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டாம். சூப்பர் மார்க்கெட்டில் சாயங்காலம் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய பொருள்கள் பாதி விலைக்கு வரும்.

இந்தியக் குடிமகளாக, காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில், அங்கே வாக்காளர் பட்டியலில் பதியவும் ஓட்டுப் போடவும் உனக்கு உரிமை உண்டு. பதிந்துவிடு.

பெட்டி கட்டும்போது அம்மாயி நெய் பாட்டிலும் பால்கோவாவும் வைப்பார்கள். பால், இறைச்சிப் பொருள்களை இந்தியாவிலிருந்து அங்கே கொண்டுபோகக் கூடாது, நீயே பக்குவமாகச் சொல்லி எடுத்துவிடு. பருப்புப் பொடி வைக்கட்டும். பாஸ்போர்ட், சேர்க்கைக் கடிதம், காசநோய்ப் பரிசோதனைச் சான்று, சாப்பிடுகிற மாத்திரைக்கு டாக்டர் சீட்டு, ஒரு மாற்றுத்துணி எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும், பெரிய பெட்டி வந்து சேராவிட்டாலும் முதல் இரவைக் கழிக்கிற மாதிரி. மான்செஸ்டரில் இறங்கினால் ஷெஃபீல்டுக்கு பஸ்ஸும் உண்டு. ரயில் என்றால் மான்செஸ்டர் பிக்காடிலி நிலையத்தில் மாற வேண்டியிருக்கும், நேரத்தை அதற்கேற்ப விட்டு டிக்கெட் எடு. அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிய பிறகு நமக்கும் உனக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். உன் இரவு ஒன்பது மணி இங்கே இரண்டரை, இருந்தாலும் தேவையென்றால் கூப்பிடு, எடுப்பேன். அந்த வீட்டு ஒப்பந்தம் என்று அனுப்பினார்களே, அதை நாளைக் காலைக்குள் எனக்கு அனுப்பிவை, அப்பாவோடு உட்கார்ந்து படிக்கிறேன்.

அம்மா