கச்சத்தீவை மீட்கப் போராடுகிறவர்களுக்கு மலையகத்திலிருந்து ஒரு மடல்

தமிழ்நாட்டு இயக்கத் தோழர்களுக்கு வணக்கம்.

இலங்கை மலையகத்தின் அட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து எழுதுகிறோம். இங்கிருந்து கடல் தெரியாது. ஆனாலும் கச்சத்தீவு என்ற பெயர் எழும்போதெல்லாம் எங்கள் காது அந்தப் பக்கம் திரும்பிவிடும். காரணம், 1974. இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் அந்த ஒரே வருடத்தில் இரண்டு கணக்குகளைத் தீர்த்தார்கள். ஒன்று 285 ஏக்கர் கச்சத்தீவின் கணக்கு; அது இலங்கைப் பக்கம் போனது. மற்றது 150,000 மனிதரின் கணக்கு. 1964 ஒக்டோபர் 30 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினர் 975,000 பேரை எடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சம் நின்ற 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக, 75,000, 75,000 என்று பங்குவைத்தார்கள். அந்த மிச்சம் எங்கள் சனம்.

ஆகவே, "மக்களைக் கேட்காமல் கொடுத்துவிட்டார்கள்" என்று நீங்கள் சொல்லும்போது அந்த வலி எங்களுக்கு நன்றாக விளங்கும். அந்த உரிமையில்தான் ஒன்றை நேராகச் சொல்கிறோம். தீவு திரும்பி வந்தாலும் இராமேஸ்வரத்து மீனவரின் சிக்கல் தீராது. அதைத் தீர்க்கக்கூடிய வேலை வேறு இடத்தில் கிடக்கிறது. மேடையில் தீவைப் பற்றிப் பேசப்பேச அந்த வேலை தள்ளிப்போகிறது.

முதலில் ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள். 1974 ஜூன் 26 கொழும்பிலும் 28 புதுடில்லியிலும் கையெழுத்தானது. எட்டே பிரிவுகள், அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். எல்லைக்கோடு தீவுக்கு மேற்கே ஏறத்தாழ ஒரு கடல்மைல் தள்ளிப் போகிறது. ஐந்தாம் பிரிவுதான் உங்கள் கூட்டங்களில் அதிகம் அடிபடுவது. இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே கச்சத்தீவுக்கு வந்து போகலாம், கடவுச்சீட்டோ விசாவோ வேண்டியதில்லை என்கிறது அது. ஆறாம் பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் மற்றவரின் கடலில் மரபாக அனுபவித்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. மீன்பிடி உரிமை இதற்குள் அடக்கம் என்பது உங்கள் வாதம். ஆனால் 1976 மார்ச் 23 அன்று மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் கோடு போட்ட கையோடு இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். ஒரு நாட்டுப் படகு மறுநாட்டுக் கடலில் அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்று அதில் வெட்டவெளிச்சமாக இருக்கிறது. கடற்படை பிடிப்பதும் நீதிமன்றம் விசாரிப்பதும் இந்த நிலையில் நின்றுதான். 1974ஐ மட்டும் கிழித்தால் போதும் என்று பேசுகிற தோழர்கள் 1976ஐத் தொடுவதே இல்லை. தொட்டால், கன்னியாகுமரிக்குத் தெற்கே இந்தியா பெற்ற வாட்ஜ் கரை என்ற மீன்வளக் கடற்பகுதியும் சேர்ந்தே மேசைக்கு வரும். அந்தப் பேரத்துக்கு டில்லி தயாரா என்று முதலில் கேளுங்கள்.

சட்ட வழி எங்கே அடைபடுகிறது என்பதையும் பார்ப்போம். தீவு தங்களுடையது என்று காட்டும் இராமநாதபுரம் சமஸ்தானத்தின் ஜமீன் ஆவணங்கள் வலுவானவை என்பதை நாங்கள் மறுக்கவில்லை. 1960 பெருபாரி வழக்கில், நாட்டின் நிலத்தை விட்டுக்கொடுக்க அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னதும் உண்மை. ஆனால் டில்லியின் பதில், இது கொடுத்த நிலமல்ல, பிணக்கில் இருந்த நிலம், கோடு போட்டபோது அந்தப் பக்கம் விழுந்தது என்பது. 2014இல் மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்திலேயே, தீவைத் திரும்பப் பெற வேண்டுமானால் போருக்குத்தான் போக வேண்டும் என்றார். அனைத்துலக நீதிமன்றத்துக்குப் போவதென்றால், அதன் கட்டாய அதிகாரத்தை ஏற்ற அறிவிப்பில் இந்தியாவே ஒரு விலக்கு வைத்திருக்கிறது: பொதுநலவாய நாடுகளுடனான பிணக்குகள் அங்கே போகாது. இலங்கை பொதுநலவாய நாடு. சூழ்நிலை மாறிவிட்டது என்று ஒப்பந்தத்திலிருந்து வெளியேற நினைத்தாலும், வியன்னா உடன்படிக்கையின் 62ஆம் பிரிவு எல்லை ஒப்பந்தங்களை அந்த வாதத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறது.

படகில் போய்க் கொடி நட்டுவிட்டு வருவோம் என்ற திட்டமும் அவ்வப்போது காதில் விழுகிறது. ஐந்தாம் பிரிவு காப்பது மீனவர், யாத்திரிகர் என்ற இரண்டு பேரை மட்டும். கொடியோடு இறங்குகிறவர் இந்த இரண்டிலும் சேரமாட்டார். அவர் கடவுச்சீட்டின்றி நாட்டுக்குள் நுழைந்தவராகவே நடத்தப்படுவார். தீவுத் தகராறுகளை விசாரித்த நீதிமன்றங்கள், பிணக்கு முற்றிய பிறகு உரிமையைப் பலப்படுத்தவென்றே செய்த செயல்களுக்குப் பெறுமதி கொடுப்பதில்லை. இந்தோனேசியாவும் உரிமை கேட்ட லிகித்தான், சிப்பதான் தீவுகளை 2002இல் மலேசியாவுக்குக் கொடுத்தபோது அனைத்துலக நீதிமன்றம் எடுத்துக்கொண்டது ஆமை முட்டை சேகரிப்பதைக் கட்டுப்படுத்திய பழைய ஆணைகளையும் கலங்கரை விளக்கங்களையும்தான். இது இரு கரைக்கும் பொருந்தும். 2025 செப்டெம்பர் 1 அன்று எங்கள் ஜனாதிபதி கச்சத்தீவில் போய் இறங்கினார். அதனால் இலங்கையின் உரிமை ஒரு அங்குலமும் கூடவில்லை, யாழ்ப்பாணப் பக்கத்து நெடுந்தீவு மீனவருக்கு ஒரு வலையும் கிடைக்கவில்லை.

சரி, தீவு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அங்கே அந்தோனியார் கோயிலும் முட்புதரும் மணலும் இருக்கின்றன. குடிக்கத் தண்ணீர் இல்லை. நெடுந்தீவு அங்கிருந்து ஏறத்தாழ 24 கிலோமீற்றர். இரண்டுக்கும் நடுவே புதுக் கோடு போட்டால் அது தீவிலிருந்து 12 கிலோமீற்றர் கிழக்கே போகும். அவ்வளவுதான் கிடைக்கும். உங்கள் இழுவைப் படகுகளான றோலர்கள் வருகிற இடமோ நெடுந்தீவுக் கரை, காரைநகர், பருத்தித்துறை, முல்லைத்தீவு. கச்சத்தீவைச் சுற்றி எப்படிக் கோடு போட்டாலும் அந்தக் கடல் உங்கள் பக்கம் வராது.

ஏன் அவ்வளவு தூரம் வருகிறார்கள்? பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல். பெரும்பகுதி 15 மீற்றருக்குள். றோலர் கடலடியில் இழுத்துப்போகும் பை வலைதான் இழுவைமடி; அதன் வாயை விரிக்க இரண்டு பக்கமும் இரும்பு அடித்த பலகைகள் உண்டு. அடிக்கயிற்றில் சங்கிலியோ ஈயமோ கட்டியிருக்கும். படகு இழுக்கும்போது பலகை கடலடியை உழுதுகொண்டு போகும். மீன் மட்டுமல்ல, புல்லும் முட்டையும் குஞ்சும் எல்லாமே மடிக்குள். அறுபதுகளின் கடைசியிலிருந்து இப்படி உழுத தளம் உங்கள் பக்கத்தில் வெறுமையாகிவிட்டது. கரையோரத்தை நாட்டுப்படகுக்கு விட்டுவிட வேண்டும் என்பது தமிழ்நாட்டுச் சட்டம். அந்தப் பக்கம் எல்லைக்கோடு. நடுவில் எஞ்சுகிற ஒடுங்கிய பட்டியில் அத்தனை விசைப்படகுக்கும் மீன் கிடையாது. டீசல் காசு வரவேண்டுமென்றால் கோட்டைத் தாண்டியே ஆகவேண்டும்.

இந்தப் பக்கத்து வடபகுதி மீனவரின் படகு ஒரு சின்ன பைபர் படகு, பின்னால் ஒரு சிறிய இயந்திரம். நண்டு வலையைப் பொழுதுபடக் கடலடியில் விரித்துவிட்டு வருவார்கள். விடியமுன் போய்த் தூக்குவார்கள். வலைத் துண்டுகள் ஒன்றோடொன்று முடிந்திருக்கும், மேலே மிதப்பு, கீழே ஈயம். நூறு குதிரைவலுவுக்கு மேற்பட்ட றோலரின் பலகை அதன்மேல் ஒருதரம் ஏறினால் முடிந்தது. காலையில் கையில் வருவது நாலைந்து மிதப்பும் அறுந்த கயிறும். வலை கடனில் வாங்கியது. உங்கள் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரம் மூன்று நாள் வருகின்றன. அந்த மூன்று இரவும் இங்கே வலை போடவே பயப்படுகிறார்கள். போர்க்காலம் முழுக்கக் கடற்படையின் தடையால் கரையில் இருந்தவர்கள், 2009க்குப் பிறகு இழுவைமடியால் கரையில் இருக்கிறார்கள். இவர்கள் தமிழர். தமிழருக்காகப் பேசும் இயக்கங்கள் இவர்களின் பெயரைச் சொல்லாமல் கச்சத்தீவைப் பேசும்போது எங்களுக்கு நெஞ்சு அடைத்துப்போகிறது.

பிடிபடும்போது யார் பிடிபடுகிறார் என்பதையும் பாருங்கள். படகில் இருப்பவர்கள் கூலியாட்கள்; முதலாளி கரையில். 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. 2018இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டப்பணத்தைப் பல மடங்கு உயர்த்தியது. முதல்தடவை பிடிபட்டவர் பெரும்பாலும் ஒத்திவைத்த தண்டனையோடு ஊருக்குப் போவார். இரண்டாம் தடவை அதே ஆள் வந்தால் சிறை. படகை மீட்க உரிமையாளர் பத்திரங்களோடு நேரில் வரவேண்டும். வராவிட்டால் படகு அரசுடைமை. மீனவரின் விடுதலைக்காகப் போராடுகிற நீங்கள், நீதிமன்றத்துக்கு வராத உரிமையாளரின் பெயரையும் கேட்டுப் போராடலாம். கூலியாள் சிறையில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார் என்றும் கேட்கலாம்.

வழி இல்லாமலும் இல்லை. 2010இல் இரு கரை மீனவரும் தாங்களே உட்கார்ந்து, படிப்படியாக இழுவைமடியை நிறுத்தும் வரை வருடத்துக்கு 70 நாள் என்று ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். அரசுகள் அதை ஏற்று நடைமுறைப்படுத்தவில்லை. 2016 நவம்பரில் டில்லியில் மறுபடி பேசினார்கள்; மூன்று வருட அவகாசம் என்று உங்கள் தரப்பு கேட்டது, இந்தப் பக்கம் மறுத்தது. 2017இல் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் தூண்டில் படகாக மாற்றும் திட்டம் வந்தது. படகு ஒன்று 80 இலட்சம் ரூபாய். மத்திய அரசு பாதி, மாநிலம் 20 வீதம், வங்கிக்கடன் 20, மீனவர் கையிலிருந்து 10. இலக்கில் சிறு பகுதிதான் நிறைவேறியது. காரணம் தெரிந்ததே. காலையில் திரும்பிவந்து பழகியவர் வாரக்கணக்கில் சூரை மீனுக்குப் போகவேண்டும், தொழில் புதிது, கடன் பெரிது, பாக்கு நீரிணைக்குள் அந்தப் படகுக்கு ஏற்ற ஆழமான துறைமுகமும் இல்லை. மீட்புப் போராட்டத்துக்குச் செலவிடும் பலத்தில் கால்வாசியை இந்த ஓட்டைகளை அடைக்கக் கேட்டுச் செலவிட்டால் பலன் இராமேஸ்வரத்துக்கே வரும்.

அந்தோனியார் திருவிழாவுக்கு இரு கரைச் சனமும் மாசி பங்குனியில் அந்தத் தீவில் ஒன்றாகத்தான் இரண்டு நாள் தங்குகிறார்கள். கொடியேற்றம் முடிந்த இரவில் சில மணி நேரம் ஒதுக்கி, மீனவர் சங்கங்கள் மட்டும் உட்காரட்டும். எந்தெந்த நாள், எந்த வலை, அறுந்த வலைக்கு நட்டஈடு எப்படி என்ற மூன்று விடயத்தைத் தாளில் எழுதிக்கொண்டு வரட்டும். அதற்கு விசா வேண்டியதில்லை. ஐந்தாம் பிரிவே போதும்.

எங்கள் சொந்தக் காரியம் ஒன்றும் இருக்கிறது. கச்சத்தீவு சூடாகும் ஒவ்வொரு முறையும் இங்கே எங்களை நோக்கி ஒரு பழைய வசை திரும்பி வரும்: கள்ளத்தோணி. 1948 பிரசாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவராக்கிய காலத்திலிருந்து கேட்டு வருகிற சொல். 7 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினால் 4 பேருக்கு இங்கே பிரசாவுரிமை என்று எங்களை விகிதம் போட்டு எண்ணினார்கள். தாய் ஒரு கரை, பிள்ளை மறு கரை. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பல் 1984இல் நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கேயே நின்றுவிட்டவர்கள் பலர். இலங்கையின் 2003 பிரசாவுரிமைச் சட்டம்தான் அந்தக் கணக்கை இந்தப் பக்கம் முடித்தது.

உங்கள் பக்கம் இன்னும் முடியவில்லை. கலவரங்களுக்கும் போருக்கும் தப்பி ஓடிவந்த மலையகக் குடும்பங்கள் தமிழ்நாட்டு முகாம்களில் அகதி என்ற பெயரோடு இருக்கின்றன. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இவர்களுக்கு இடமில்லை. அதே 2019 ஜூனில், இந்திய வம்சாவளியினரான இவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களை ஏற்று முடிவெடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. தோழர்களே, கச்சத்தீவுக் கூட்டத்துக்கு இராமேஸ்வரம் போகிற வழியில்தான் மண்டபம் முகாம் இருக்கிறது. அங்கே இறங்குங்கள். யார் மலையகத்திலிருந்து வந்தவர் என்று கேட்டு, பாட்டன் பூட்டன் பெயர், இருந்த தோட்டம், டிவிசன், சிறிமா - சாஸ்திரிக் காலத்து விண்ணப்ப இலக்கம் நினைவிருந்தால் அதுவும், இவற்றை எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். தோட்டத்துப் பேர் இடாப்பும் (பதிவேடும்) பிறப்புப் பதிவும் இந்தப் பக்கம் இருக்கின்றன. தேடிப் பிரதியெடுத்து அனுப்புவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
மலையகத் தோட்டங்களிலிருந்து உங்கள் உறவுகள்